பொது சுகாதாரம் இளநிலைப் படிப்பு: இரண்டாம் ஆண்டில் திணறுகிறேன், வழி சொல்லுங்கள்

புதுத்தளிர்:

வணக்கம். பொது சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவன் நான். முதலாண்டு முடிந்து இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. நோய் வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை என்று மனதில் பட்டது. யாரும் சொல்லாமல் நானாகவே எடுத்த படிப்பு இது.

முதலாண்டில் ஒரு சிக்கலும் இல்லை. சுற்றுச்சூழல் சுகாதாரம், ஊட்டச்சத்து, சுகாதாரக் கல்வி என்று எல்லாமே படிக்கப் படிக்க ஆர்வமாக இருந்தது. இப்போது உயிர்ப்புள்ளியியலும், நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜியும் சேர்ந்து வந்ததும் திணறுகிறேன். சூத்திரங்கள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து "இந்த ஆய்வில் என்ன கோளாறு?" என்று கேட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. கேட்டிருப்பது இன்சிடென்ஸா (புதிதாக நோய் வருவது) பிரிவலென்ஸா (இப்போது நோய் இருப்பது) என்று முடிவு செய்வதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.

கூடப் படித்தவர்களில் சிலர் செவிலியர் படிப்புக்கும் மருந்தியலுக்கும் மாறிவிட்டார்கள். "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அப்புறம் என்ன படிப்பு அது?" என்று கேட்பவர்களுக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அது எனக்கே உறுத்தலாக இருக்கிறது.

இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள். இந்த இரண்டு பாடங்களையும் எப்படிப் படிப்பது? கணக்கில் சுமாரான ஒருவன் இதில் நிலைக்க முடியுமா? இளநிலையோடு வேலைக்குப் போகலாமா, முதுநிலை கட்டாயமா?

கணக்கு வாத்தியார்:

புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். இளநிலையில் உங்களுக்கு வேண்டிய கணக்கு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் லாகரிதம். அவ்வளவுதான். மென்பொருளைத் திறப்பதற்கு முன் இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டுக் கையால் செய்து பழகுங்கள். மேலே நோய் உண்டு, இல்லை. பக்கத்தில் காரணி உண்டு, இல்லை. முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தில் முக்கால்வாசி அந்த நாலு கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

பி-மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பை) மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ரிலேட்டிவ் ரிஸ்க் (காரணி உள்ளவர்களின் ஆபத்து இல்லாதவர்களின் ஆபத்தைப் போல எத்தனை மடங்கு) 2, அதன் 95 சதவீத நம்பக இடைவெளி (தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் எல்லை) 0.9 முதல் 4.4 வரை என்று ஒரு ஆய்வு சொல்கிறது என்று வையுங்கள். "தொடர்பு இல்லை" என்று எழுதினால் தவறு. ஆபத்து சற்றுக் குறையவும் கூடும், நாலு மடங்குக்கு மேல் கூடவும் கூடும், இந்த அளவு மாதிரியைக் கொண்டு அதற்கு மேல் சொல்ல முடியாது என்பதுதான் சரியான வாசிப்பு. கையால் செய்வது பழகியதும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளுக்குப் போங்கள். இலவசம், எங்கு வேலைக்குப் போனாலும் உதவும்.

பதிவேடு:

தம்பி, நான் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொது சுகாதாரத்தில் இளநிலை முடித்து, சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் முதுநிலை படித்தவள். மேலே வாத்தியார் சொன்ன நாலு கட்டம் சரியான வழி. ஆனால் கட்டத்துக்குள் எண்ணைப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எத்தனை பேரில்?

பின்னத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எண்ணைத்தான் சொல்கிறேன். "இந்த வாரம் 40 பேருக்குக் காய்ச்சல்" என்று சொன்னால் மருத்துவமனைக்கு அது 40 படுக்கை. நமக்கு அது பாதி வாக்கியம். 400 பேரில் 40 என்றால் ஒரு பேச்சு, 4 லட்சம் பேரில் 40 என்றால் வேறு பேச்சு. இந்தப் படிப்பு கற்றுத்தரும் பெரிய பழக்கம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது கைவந்துவிட்டால் உங்கள் சூத்திரங்களில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம், தானாக வரும்.

காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவை முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள். 1854, லண்டன், பிராட் தெரு, கைப்பிடி கழற்றப்பட்ட அடிகுழாய், புள்ளி வைத்த வரைபடம். எல்லோருக்கும் அந்த வரைபடம்தான் நினைவில் நிற்கிறது. எனக்கு அதே ஆண்டு அவர் செய்த இன்னொரு வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. தெற்கு லண்டனில் இரண்டு நிறுவனங்கள் குழாயில் தண்ணீர் கொடுத்தன. சவுத்வர்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனம் நகரத்தின் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தை ஆற்றில் மேலே, சாக்கடை எட்டாத பகுதிக்கு மாற்றிவிட்டது. ஒரே தெருவில் இந்த வீட்டுக்கு ஒரு நிறுவனம், அடுத்த வீட்டுக்கு மற்றது. பணக்காரர், ஏழை, தொழில், காற்று எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும் வேறு.

ஸ்னோ காலராவில் ஒருவர் இறந்த வீடு ஒவ்வொன்றுக்கும் எந்தத் தண்ணீர் என்று விசாரித்தார். பல வீடுகளில் குடியிருந்தவர்களுக்கே தெரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் தண்ணீரை வாங்கி, அதில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். சவுத்வர்க் நிறுவனத்தின் தண்ணீரில் உப்பு மற்றதைவிட ஏறத்தாழ 40 மடங்கு அதிகம். அந்தத் தண்ணீர் உடனே வெள்ளையாகத் திரியும். அதை வைத்து எந்தக் குழாய் என்று கண்டுகொண்டார். இப்படி மேல் எண் கிடைத்துவிட்டது. கீழ் எண்? அந்த நிறுவனங்கள் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த வீட்டுக் கணக்கை எடுத்தார். முதல் நிறுவனத்துக்கு 40,046 வீடுகள், 1,263 இறப்புகள். லாம்பெத்துக்கு 26,107 வீடுகள், 98 இறப்புகள். 10,000 வீடுகளுக்கு 315 என்றும் 37 என்றும் வந்தது. எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ராபர்ட் கோக் காலராக் கிருமியை 1884-இல் அறிவிப்பதற்கு 30 ஆண்டு முன்னால், கிருமி எது என்றே தெரியாமல், வகுத்தல் ஒன்றை வைத்து இதைச் சொல்லிவிட்டார் மனிதர். உங்கள் கையால் ஒருமுறை அந்த இரண்டு வகுத்தலையும் போட்டுப் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் அதைப் போடும்போது சிலிர்க்கும்.

இப்போது உங்கள் இன்சிடென்ஸ், பிரிவலென்ஸ் குழப்பத்துக்கு வருவோம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்சிடென்ஸில் மேலே புதிதாக நோய் வந்தவர்கள். கீழே, தொடக்கத்தில் நோய் இல்லாமல், வரக்கூடிய நிலையில் இருந்தவர்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர் அங்கே இருக்கவே கூடாது. பிரிவலென்ஸில் மேலே இன்றைக்கு நோயோடு இருக்கும் எல்லோரும், கீழே எல்லா மக்களும். எச்ஐவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-க்குப் பிறகு கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் அதை எடுத்துக்கொண்டவர்கள் நீண்ட காலம் வாழத் தொடங்கினார்கள். புதுத் தொற்று கூடாமலே எச்ஐவியோடு வாழ்வோர் எண்ணிக்கை ஏறக்கூடும். பிரிவலென்ஸ் ஏறினால் நிலைமை மோசம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது. அங்கே ஏறியதற்குக் காரணம் மனிதர்கள் சாகாமல் இருந்தது.

ஆட்ஸ் ரேஷியோவும் (நோய் உள்ளவர்களில் காரணி இருப்போரை இல்லாதோரால் வகுத்து, அதை நோய் இல்லாதவர்களின் அதே விகிதத்தால் வகுப்பது) இதே கேள்வியில்தான் அவிழும். கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில் நோய் உள்ள 200 பேரையும் இல்லாத 200 பேரையும் ஆய்வாளரே பொறுக்கி எடுக்கிறார். அங்கே "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது" என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்று வரும். அது ஆய்வாளர் வைத்த எண், ஊரின் எண் இல்லை. கீழ் எண் நம் கையில் இல்லாததால்தான் ஆபத்து விகிதத்தை நேராகக் கணக்கிடாமல் ஆட்ஸ் ரேஷியோவுக்குப் போகிறோம். இதைப் புரிந்துகொண்டால் எந்த ஆய்வுக்கு எந்தச் சூத்திரம் என்று மனப்பாடப் பட்டியல் தேவையில்லை.

"இந்த ஆய்வில் என்ன கோளாறு?" என்ற கேள்விக்கும் என் வழி ஒன்றுதான்: இதில் யார் இல்லை என்று தேடுங்கள். தொழிற்சாலை ஊழியர்களின் இறப்பு விகிதம் பொது மக்களைவிடக் குறைவு என்று பத்தி சொன்னால், வேலைக்குப் போக முடியாத அளவு நோயுற்றவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாட்டில் இறப்பு விகிதம் அதிகம் என்றால் வயதைப் பாருங்கள். ஜப்பானின் மொத்த இறப்பு விகிதம் வங்கதேசத்தைவிட அதிகம். ஆனால் அதிக ஆண்டு வாழ்வது ஜப்பானியர்கள்தான். முதியவர்கள் நிறைந்த நாட்டில் ஆண்டுதோறும் அதிகம் பேர் இறப்பார்கள். வயதைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் படம் தலைகீழாகிவிடும்.

நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். படிக்கும்போது பயிற்சிக்காக ஒரு தடுப்பூசி அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு பகுதியில் 112 சதவீதக் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று என்று இருந்தது. பக்கத்துப் பகுதியில் 74. எல்லோரும் தட்டச்சுப் பிழை என்று நினைத்தார்கள். நான் பதிவேட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நீளமான நோட்டு, ஓரங்கள் மடங்கி, வரிசை எண், பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், முகவரி. முகவரிக் கட்டத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனேன். பக்கத்துக்குப் பக்கம் "கட்டடத் தளம்", "கட்டடத் தளம்" என்று ஒரே கையெழுத்தில் இருந்தது. அடுத்த பகுதியில் நடந்த கட்டுமான வேலைக்கு வந்த குடும்பங்கள், இந்த நிலையம் அருகில் என்பதால் குழந்தைகளை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். மேல் எண்ணில் அவர்கள் உண்டு, கீழ் எண்ணில் இல்லை. கீழ் எண்ணோ பழைய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து நீட்டி எழுதியது.

பதிவேட்டை வைத்திருந்த அம்மா ஒன்று சொன்னார். அந்தக் கட்டடத் தளத்துக்குப் பின்னால் இன்னொரு குடியிருப்பு இருக்கிறது, அங்கிருந்து ஒருவர்கூட வருவதில்லை என்றார். அந்தக் குழந்தைகள் எந்தப் பகுதியின் கீழ் எண்ணிலும் இல்லை. யாருடைய அறிக்கையிலும் அவர்கள் குறையாகத் தெரியவே இல்லை. தட்டம்மை வந்தால் முதலில் அங்கேதான் வரும். தடுப்பு இல்லாத கூட்டத்தில் தட்டம்மை நோயாளி ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது வழக்கமான மதிப்பீடு. அதனால்தான் 95 சதவீதம் என்ற இலக்கு. பத்துச் சம அளவுப் பகுதிகளில் ஒன்பதில் 100, ஒன்றில் 50 இருந்தாலும் சராசரி 95 வந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் குடியிருப்புக்கு அப்புறம் ஆள் போனார்கள், வீடு வீடாக எழுதினார்கள். கணக்கில் சுமார் என்று சொல்கிறீர்கள். அந்த நோட்டில் நான் செய்ததில் கடினமான கணக்கு என்ன இருந்தது, சொல்லுங்கள்? பொறுமையும் சந்தேகமும்தான் வேலை செய்தன.

"டாக்டரும் இல்லை" என்ற பேச்சுக்கு ஒரே ஒரு மனிதரைச் சொல்கிறேன். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர், காசநோய் வந்து படுத்ததால் மருத்துவம் படிக்க முடியாமல் போய், அஞ்சல் வழியில் பொருளியல் பட்டம் வாங்கியவர். அவரும் மருத்துவர் ரிச்சர்ட் டாலும் சேர்ந்து 1950-இல் வெளியிட்ட ஆய்வும், 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, 40,000 பேருக்கு மேல் பதில் வாங்கித் தொடங்கிய ஆய்வும்தான் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை உலகத்துக்கு நிறுவின. அவற்றால் காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் யாரும் ஹில்லிடம் நோயாளியாகப் போய் நின்றவர்கள் இல்லை.

புதுத்தளிர்:

அக்கா, இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி. ஸ்னோவின் வகுத்தலைப் போட்டேன், வாத்தியார் சொன்ன நாலு கட்டத்தையும் போட்டுப் பார்த்தேன்.

வகுப்பில் கொடுத்த ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களிடமும் நோயைத் தேடும் பரிசோதனை) கணக்கு ஒன்றை "எத்தனை பேரில்?" என்று கேட்டுக்கொண்டே செய்தேன். சரியா என்று பாருங்கள். 10,000 பேர். நோய் 1 சதவீதம், ஆக 100 பேர். பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். பிடிபடுவோர் 90. மீதி 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் வரும். மொத்த பாசிட்டிவ் 585. அதில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 90 பேர், சுமார் 15 சதவீதம்.

இவ்வளவு குறைவா என்று நம்ப முடியாமல் திரும்பப் போட்டேன். அப்படியானால் 95 சதவீதம் நல்ல பரிசோதனை என்று விளம்பரம் செய்வதற்கு என்ன அர்த்தம்?

பதிவேடு:

கணக்கு முழுக்கச் சரி. அந்த 95 சதவீதத்துக்குக் கீழ் எண் நோய் இல்லாதவர்கள். உங்கள் 15 சதவீதத்துக்குக் கீழ் எண் பாசிட்டிவ் வந்தவர்கள். கையில் பாசிட்டிவ் தாளோடு பயந்துபோய் நிற்பவருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

இப்போது நோயை 20 சதவீதம் என்று மாற்றி அதே கணக்கைப் போடுங்கள். 1,800 சரியான பாசிட்டிவ், 400 தவறானவை, சுமார் 82 சதவீதம் வரும். பரிசோதனை அதேதான், யாருக்குச் செய்கிறோம் என்பது மட்டும் மாறியது. "எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாமே" என்று நல்ல மனதோடு கேட்பவர்களுக்கு இந்த இரண்டு அட்டவணையையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். அந்த 495 பேர் ஒவ்வொருவருக்கும் அடுத்த பரிசோதனை, சில நேரம் ஊசி, கத்தி, தூக்கமில்லாத இரவு எல்லாம் உண்டு. அவர்களையும் நாம்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

நீலவானம்:

பதிவேடு அவர்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். நான் நடத்தை மாற்றம், சுகாதாரக் கொள்கை பக்கம் வேலை பார்ப்பவன். இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் தம்பி இது முழுக்க எண் படிப்பு என்று நினைத்துவிடுவார்.

யார் வரவில்லை என்று எண் காட்டும். ஏன் வரவில்லை என்பதற்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு திட்டத்தில் தடுப்பூசிக்கு வராத தாய்மாருக்கு "விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். நாங்கள் போய்ப் பேசினோம். அவர்களுக்கு ஊசியின் பெயர்கூடத் தெரிந்திருந்தது. நிலையம் மதியம் 2 மணிக்கு மூடுகிறது, வேலை 3 மணிக்கு முடிகிறது, அவ்வளவுதான். துண்டுப்பிரசுரம் எத்தனை அடித்தாலும் அந்த ஒரு மணி நேரம் நிரம்பாது. உங்கள் பாடத்திட்டத்தில் பண்புசார் ஆய்வு என்று ஒரு தாள் இருக்கும். எளிது என்று நினைத்து அதைக் கடைசியில் படிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வாய்க்குள் பதிலைத் திணிக்காமல் ஒரு கேள்வி கேட்பது, பதில் வரும்வரை சும்மா இருப்பது, இரண்டும் பழகப் பழகத்தான் வரும்.

பிரிட்டிஷ் எபிடெமியாலஜிஸ்ட் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. அவர் சொன்னதை நான் இப்படிப் புரியவைப்பேன். அதிக ஆபத்தில் உள்ள 1,000 பேர், அவர்களில் 10 சதவீதத்துக்கு நோய் வரும் என்றால் 100 பேர். குறைந்த ஆபத்தில் உள்ள 9,000 பேர், 2 சதவீதம் என்றால் 180 பேர். அதிக ஆபத்துக்காரர்களை மட்டும் தேடித் தேடிக் கவனித்தால் பெரிய பகுதி கைவிட்டுப் போகும். உப்பு, புகையிலை வரி, சாலைப் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் பொதுவான இடத்தில் கைவைப்பதற்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. சுகாதார மேம்பாட்டுக்கான 1986 ஒட்டாவா சாசனத்தை வெறும் தேர்வுக் குறிப்பாகப் படிக்காமல் இதோடு சேர்த்துப் படித்தால் விளங்கும்.

1967-இல், எபிடெமியாலஜிஸ்ட் மைக்கேல் மார்மட்டின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களான ஆண்கள் சுமார் 18,000 பேர். எல்லோருக்கும் நிலையான வேலை, பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் அடிமட்டப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு. படி படியாகக் கீழே இறங்க இறங்க ஏறுகிறது. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு பெரும் பகுதி மிஞ்சியது. அந்த மிச்சத்தைப் பற்றிப் பேசாமல் "ஒழுங்காகச் சாப்பிடுங்கள், நடங்கள்" என்று மக்களுக்கு உபதேசம் செய்துகொண்டே இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

அறநெறிப் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையே, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு நோய் என்னவென்று சரியாகச் சொல்லாமல், அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தது. நம் துறை செய்த வேலை அது. மக்கள் நம்ப மறுக்கும்போது "அறியாமை" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவேடு:

நீலவானம் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த 2 மணி, 3 மணி விஷயம் எந்தப் பதிவேட்டிலும் வராது. வைட்ஹாலை மட்டும் தம்பி ஒரு கேள்வியோடு படிக்க வேண்டும்: அந்த 18,000 பேரில் யார் இல்லை? பெண்கள் ஒருவர்கூட இல்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வில்தான் பெண்களும் வந்தார்கள்.

புதுத்தளிர்:

இருவருக்கும் நன்றி. இப்போதைக்கு வேறு படிப்புக்கு மாறும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டேன். என் கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. வேலை? அடுத்த பருவத்தில் களப்பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது, சாதாரண ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதிவேடு:

இளநிலை உங்களுக்கு நோயாளியைப் பார்க்கும் உரிமையைத் தராது. அதை இப்போதே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசை உள்ளே இருந்தால் செவிலியர் படிப்புக்கு மாறுவதில் ஒரு குறையும் இல்லை. இல்லை என்றால், இளநிலையோடு தடுப்பூசித் திட்டம், நோய்க் கண்காணிப்பு, மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு, தொழிலக சுகாதாரம், தண்ணீர்த் தரம், சுகாதாரக் கல்வி, ஆய்வுத் திட்டங்களில் தரவு சேகரிப்பு என்று தொடக்கநிலை வேலைகள் உண்டு. எபிடெமியாலஜிஸ்ட் என்ற பதவிக்குப் பெரும்பாலும் முதுநிலை கேட்பார்கள். என்னைக் கேட்டால் இடையில் ஓரிரு வருடமாவது வேலை பாருங்கள். எந்தப் பிரிவில் முதுநிலை வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். தரவு பிடித்தவர், கொள்கை பிடித்தவர், களம் பிடித்தவர் எல்லோரும் இளநிலையில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

களப்பயிற்சிக்குத் தயங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுங்கள். ஆய்வு நிறுவனத்தில் பிழை நீக்கிச் சுத்தம் செய்து முடித்த தரவுக் கோப்பைக் கொடுப்பார்கள். எண் எங்கே பிறக்கிறது என்று பார்க்க அது உதவாது. நிலையத்தில் முதல் வாரம் யாரிடமும் பெரிதாக எதுவும் கேட்காமல் பதிவு மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வயதை மாதத்தில் எழுதுகிறார்களா, வருடத்திலா? காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதுகிறார்களா, நிலையத்துக்கு வந்த தேதியையா? நோய் பரவும் வேகத்தைப் பிறகு வரைந்து பார்க்கும்போது அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் உங்கள் வளைவின் உருவத்தையே மாற்றும். கூட்டம் அதிகமான நாளில் எந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள் என்றும் கவனியுங்கள். எழுதுகிறவர்களைக் குறை சொல்லும் பார்வை வேண்டாம், அவர்கள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறவர்கள்.

போகும் முன் உங்கள் துறைத் தலைவரிடம் ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவேடுகளைப் பார்க்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், பெயரும் முகவரியும் உங்கள் நோட்டில் ஏறக் கூடாது. அனுமதிக் கடிதத்துக்குச் சில வாரம் ஆகும், இப்போதே விண்ணப்பியுங்கள்.